பேச்சு வராத பிள்ளைக்குக் கேட்கக் கற்றுத்தருவது: பட அட்டையில் தொடங்கும் வழிகாட்டி

இது யாருக்கு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆட்டிசம், டவுன் சிண்ட்ரோம், அறிவுசார் குறைபாடு என ஏதோ ஒரு வளர்ச்சிக் குறைபாட்டால் பேச்சே வராத, அல்லது பத்துச் சொல்லோடு நின்றுபோன பிள்ளையோடு உட்காரப் போகிறவருக்கு. அது அம்மாவாக இருக்கலாம், பாட்டியாக இருக்கலாம், நேற்று வேலைக்குச் சேர்ந்த சிறப்பாசிரியராகவும் இருக்கலாம். பிள்ளைக்கு வயது 3 ஆனாலும் 23 ஆனாலும் படிகளின் வரிசை ஒன்றுதான்.

அந்த வரிசையில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் நான் வழக்கமாகப் பார்க்கும் காட்சி: அம்மா கையில் ஆப்பிள் படம். "இது என்ன? சொல்லு கண்ணா. ஆப்... பிள்." பிள்ளை ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கும். பெயர் சொன்னால் அதற்கு என்ன கிடைக்கும்? ஒரு கைதட்டல். கேட்டால் ஆப்பிளே கிடைக்கும். அதனால் பெயர் சொல்வதைத் தள்ளி வைத்துவிட்டு, வேண்டியதைக் கேட்பதில் தொடங்குகிறோம்.

இதன் அடிப்படை, ஆண்டி பாண்டியும் லோரி ஃப்ராஸ்டும் 1985இல் அமெரிக்காவில் உருவாக்கிய பெக்ஸ் என்ற பட அட்டைப் பரிமாற்ற முறை. அது ஆங்கிலம் பேசும் வீட்டில் பிறந்தது. தமிழ் பேசும் வீட்டில் சில இடங்களில் மாற்றிக்கொள்ள வேண்டும். அந்தந்தப் படியில் சொல்கிறேன்.

1. முதலில் காது

தமிழில் காதால் கேட்பதும் கேட்பதுதான், வாய்விட்டுக் கேட்பதும் கேட்பதுதான். முதலாவதைப் பார்த்துவிட்டு இரண்டாவதற்கு வாருங்கள்.

"டிவி சத்தம் கேட்டா ஓடி வரான், காதெல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்பார்கள். பெரிய சத்தங்கள் கேட்டு, 'ச', 'த' போன்ற மெல்லிய ஒலிகள் மட்டும் தவறிப்போகிற காதும் உண்டு. ஒலிக்குச் செவி நரம்பும் மூளையும் தரும் பதிலை அளக்கும் பெரா பரிசோதனையைப் பிள்ளை தூங்கும்போதே எடுத்துவிடலாம், ஒத்துழைப்பு தேவையில்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் கேளுங்கள். டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளுக்கு நடுக்காதில் நீர் கோப்பது அதிகம் என்பதால், ஒருமுறை சரி என்று வந்தாலும் மறுபடியும் பார்க்க வேண்டும். கண்ணையும் பார்த்துவிடுங்கள், அட்டை தெரிய வேண்டுமே.

சாப்பிடும்போது அடிக்கடி புரையேறுகிற பிள்ளை என்றால், தின்பண்டத்தை வைத்துப் பழக்கும் முன் பேச்சுப் பயிற்சியாளரிடம் காட்டுங்கள். விழுங்குவதைப் பார்ப்பதும் அவர்கள் வேலைதான்.

2. உண்மையில் எது பிடிக்கும்?

"என்ன குடுத்தாலும் சாப்பிடுவான்" என்ற பதிலை வைத்துக்கொண்டு தொடங்க முடியாது. எதற்காகக் கையை நீட்டுகிறான், எதைப் பிடுங்கினால் திரும்ப இழுக்கிறான் என்று பாருங்கள். ஒரு தட்டில் இரண்டு பொருளை வையுங்கள், எதை எடுக்கிறான் என்று குறித்துக்கொள்ளுங்கள், இடம் மாற்றி மறுபடி வையுங்கள். எப்போதும் வலப்பக்கம் இருப்பதையே எடுக்கிற பிள்ளைகள் உண்டு. இடம் மாற்றாவிட்டால் ஏமாந்துபோவீர்கள். 2 நாள் இப்படிச் செய்தால் 5 பொருளாவது தேறும்.

தின்பதாக மட்டும் இருக்க வேண்டாம். சோப்புக் குமிழி, தூளியில் ஒரு ஆட்டு, முதுகில் ஒரு சொறி, பம்பரம், குழாயடியில் கை நனைப்பது எல்லாம் பட்டியலில் வரலாம். தின்பண்டத்தில் பொரி மாதிரி துளித்துளியாகக் கொடுக்கக் கூடியது நல்லது. ஒரு பிஸ்கட்டை முழுசாகக் கொடுத்தால் ஒரு வாய்ப்பு; 8 துண்டாக்கினால் 8 வாய்ப்பு.

செல்போனில் தொடங்காதீர்கள். அதைத் திரும்ப வாங்கும்போது நடக்கும் சண்டையில் கற்றதெல்லாம் போய்விடும்.

ஒரு எச்சரிக்கை. தண்ணீரையும் வேளைச் சாப்பாட்டையும் "கேட்டால்தான் தருவேன்" என்று ஒருபோதும் நிறுத்தி வைக்கக் கூடாது. பசியைக் காட்டிப் பழக்குவது பயிற்சி ஆகாது. இடையில் கொடுக்கிற தீனி, விளையாட்டு, இவை போதும்.

3. அட்டை தயாரிப்பது

வீட்டில் இருக்கும் அதே பொருளைப் போனில் படம் எடுங்கள். பின்னால் வெள்ளைத் துணி, படத்தில் பொருள் மட்டும். இணையத்தில் கிடைக்கும் கார்ட்டூன் பிஸ்கட்டும் உங்கள் அலமாரியில் இருக்கும் பிஸ்கட்டும் ஒன்றுதான் என்று புரிந்துகொள்வதே தனிப் பாடம்; முதல் நாளே அதைத் திணிக்க வேண்டாம். வளர்ந்தவர் என்றால் கார்ட்டூன் அறவே வேண்டாம். 23 வயது ஆளிடம் சிரிக்கும் வாழைப்பழப் படத்தைக் கொடுப்பது மரியாதையும் இல்லை.

அளவு 5 செ.மீ. சதுரம். படத்துக்குக் கீழே சொல்லைத் தமிழில் எழுதுங்கள். அது பெரியவர்களுக்காக, எல்லோரும் ஒரே சொல்லைச் சொல்ல. லேமினேஷன் போட்டதும் மூலைகளை வட்டமாக வெட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் குத்தும். பின்னால் வெல்க்ரோ, அட்டையை ஒரு பலகையில் ஒட்டி எடுக்க. சொரசொரப்பான பக்கம் அட்டையிலா பலகையிலா என்பது உங்கள் விருப்பம், ஆனால் எல்லா அட்டையிலும் ஒரே மாதிரி ஒட்டுங்கள். ஒவ்வொன்றிலும் 2 பிரதி எடுத்துவிடுங்கள், ஒன்று நிச்சயம் தொலையும், அல்லது கடிபடும்.

தொலையும் என்ற பயத்தில் அட்டைகளைப் பீரோவில் பூட்டி வைக்கிற வீடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அது பிள்ளையின் வாயைப் பூட்டி வைப்பதற்குச் சமம். அட்டை எப்போதும் பிள்ளையின் கைக்கெட்டும் உயரத்தில் இருக்க வேண்டும்.

4. வீட்டுக்கு ஒரே சொல்

அம்மா "தண்ணி" என்கிறார், பள்ளிக்கூடத்தில் "வாட்டர்", புத்தகம் பார்த்து வந்த ஆசிரியர் "தண்ணீர்". நமக்கு மூன்றும் ஒன்று. மொழியே இன்னும் பிடிபடாத பிள்ளைக்கு மூன்றும் மூன்று. உட்கார்ந்து பேசி, ஒவ்வொரு அட்டைக்கும் ஒரே சொல் என்று முடிவு செய்யுங்கள். அந்தச் சொல் வீட்டில் அன்றாடம் புழங்குவதாக இருக்கட்டும். "எனக்குத் தண்ணீர் வேண்டும்" என்று எந்தப் பிள்ளையும் பேசிக் கேட்டதில்லை. "தண்ணி வேணும்" என்பதுதான் கற்றுத்தர வேண்டிய வாக்கியம்.

இதையொட்டி ஒரு கேள்வி வரும்: வீட்டில் தமிழை விட்டு ஆங்கிலம் மட்டும் பேசலாமா? வேண்டாம். இரண்டு மொழி காதில் விழுவதால் இந்தப் பிள்ளைகளின் பேச்சு மேலும் தாமதமாகும் என்பதற்கு ஆய்வுகளில் ஆதாரம் கிடைக்கவில்லை. பாட்டியோடு பேச முடியாமல் போவது மட்டும்தான் நிச்சயமான நஷ்டம்.

5. முதல் அட்டை: இரண்டு பேர், ஒரு பொருள், வாயை மூடிக்கொள்ள வேண்டும்

இந்தப் படிக்குக் கட்டாயம் 2 பெரியவர்கள் வேண்டும். ஒருவர் எதிரே, பொருளை வைத்துக்கொண்டு. இன்னொருவர் பிள்ளைக்குப் பின்னால். வீட்டில் ஒருவர்தான் இருக்கிறீர்கள் என்றால் முதல் ஓரிரு வாரம் ஞாயிற்றுக்கிழமையாவது அப்பாவையோ அக்காவையோ பக்கத்து வீட்டு அத்தையையோ உட்காரவையுங்கள். ஒரே ஆள் இரண்டு வேலையும் செய்தால், "அம்மா என் கையைப் பிடித்துத் தூக்குவாள், அப்புறம் பொரி வரும்" என்றுதான் பிள்ளை கற்றுக்கொள்ளும். தானாகத் தொடங்குவது வரவே வராது.

நடப்பது இப்படி. பிள்ளைக்குப் பிடித்த பொருள் எதிரே இருப்பவர் கையில், தெரியும்படி. நடுவில் அந்தப் பொருளின் அட்டை ஒன்று மட்டும். எதிரே இருப்பவர் ஒன்றும் பேசுவதில்லை. பிள்ளை பொருளை நோக்கிக் கையை நீட்டும். நீட்டிய பிறகுதான், நீட்டும் முன் இல்லை, பின்னால் இருப்பவர் அந்தக் கையைப் பிடித்து அட்டையை எடுக்கவைத்து, எதிரே விரிந்திருக்கும் உள்ளங்கையில் போடவைக்கிறார். அட்டை கையில் விழுந்த அந்தக் கணமே "பொரி!" என்று சொல்லிப் பொரியைக் கொடுத்துவிட வேண்டும். அட்டையை ரசித்து, "அட, நீயா எடுத்தே, சமர்த்து" என்றெல்லாம் பேசி 5 விநாடி கழித்துக் கொடுத்தால், எதற்காகப் பொரி வந்தது என்பது பிள்ளைக்கு விளங்காமலே போய்விடும்.

பின்னால் இருப்பவர் உதவியைக் கடைசியிலிருந்து குறைத்துக்கொண்டு வர வேண்டும். எடுப்பது, நீட்டுவது, விடுவது என்று மூன்று அசைவு. முதலில் விடுவதற்கான உதவியை நிறுத்துங்கள், பிறகு நீட்டுவதற்கு, கடைசியில்தான் எடுப்பதற்கு. இப்படிச் செய்தால் ஒவ்வொரு முறையும் முடிவைப் பிள்ளை தன் கையாலேயே முடிக்கிறது, அடுத்த கணமே பலனும் வருகிறது. முன்பக்கத்திலிருந்து குறைத்தால் பாதியில் மாட்டிக்கொண்டு நிற்கும்.

புதியவர்கள் செய்கிற தவறுகளில் முக்கால்வாசி இந்தப் படியில்தான்.

பேசுவது. "அட்டையை எடு", "என்ன வேணும்?", "குடு, குடு". இந்த வார்த்தைகள் பயிற்சிக்குள் ஒட்டிக்கொள்ளும். பிறகு யாராவது "என்ன வேணும்?" என்று கேட்டால்தான் அட்டையை எடுப்பேன் என்று பிள்ளை காத்திருக்கும். நமக்கு வேண்டியது, யாரும் கேட்காமலே அது வந்து கேட்பது. பின்னால் இருப்பவர் வாயே திறக்கக் கூடாது. நான் பழக்கியவர்களில் சிலருக்கு வாயில் மிட்டாயைப் போட்டுக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன், அப்போதுதான் சும்மா இருந்தார்கள்.

முந்திக்கொள்வது. இது பாட்டிகளின் தவறு, பாசத்தால் வருவது. "அவன் மூஞ்சியப் பாத்தாலே தெரியும்" என்று கேட்பதற்கு முன்பே கையில் திணித்துவிடுவார். கேட்காமலே எல்லாம் கிடைக்கிற வீட்டில் யார்தான் கேட்பார்கள்? பாட்டியைத் திட்டாதீர்கள். அவரையே எதிரே உட்காரவையுங்கள். அட்டையை வாங்கிப் பொரி கொடுக்கும் ஆள் அவர்தான் என்று ஆக்கிவிடுங்கள். இரண்டே நாளில் உங்களைவிடக் கறாராகிவிடுவார்.

வயிறு நிறைந்த நேரத்தில் உட்காருவது. சாப்பிட்டு முடித்த கையோடு முறுக்கு அட்டையை வைத்தால் யாருக்கு வேண்டும்? மாலை 4 மணிக்கு வையுங்கள். ஒரு தடவைக்கு 8 அல்லது 10 முறை போதும், நாளுக்கு 3 தடவை. பிள்ளை முகம் திருப்பும் முன் நீங்கள் நிறுத்திவிட வேண்டும்.

சொல்லவைப்பது. அட்டையைக் கொடுத்த பிறகும் "வாயால சொன்னாத்தான் தருவேன்" என்று பிடித்து வைப்பது. கேட்டதற்குத் தண்டனை கொடுப்பது போல இது. அட்டை வந்தால் பொருள் வந்தாக வேண்டும். அட்டை பழகினால் பேச்சு வராமலே போய்விடுமோ என்ற பயம் எல்லா வீட்டிலும் இருக்கிறது. இதை ஆராய்ந்தவர்கள் அப்படி எதையும் காணவில்லை. பல பிள்ளைகளுக்குப் பேச்சு சிறிதளவு கூடியிருக்கிறது. கூடும் என்று நான் உறுதி கொடுக்க மாட்டேன், குறையாது என்று சொல்ல முடியும்.

ஒரு நோட்டில் தேதி, பொருள், எத்தனை முறையில் எத்தனை முறை உதவியில்லாமல் கொடுத்தான் என்று மட்டும் எழுதுங்கள். 10க்கு 8, தொடர்ந்து 3 நாள் வந்தால் அடுத்த படி. நோட்டு இல்லாவிட்டால் நல்ல நாள் மட்டும்தான் நினைவில் நிற்கும்.

6. தள்ளிப் போங்கள்

இப்போது எதிரே இருப்பவர் ஒரு அடி பின்னால் நகர்கிறார். அப்புறம் இரண்டு அடி. அப்புறம் அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். பிள்ளை அட்டையை எடுத்துக்கொண்டு தேடி வந்து, தோளைத் தொட்டு, கையில் கொடுக்க வேண்டும். அட்டையையும் மெல்ல மெல்லத் தள்ளி வையுங்கள். ஆனால் ஒரே நேரத்தில் இரண்டையும் நகர்த்தாதீர்கள்.

பலர் இந்தப் படியைத் தாண்டிக் குதித்து அடுத்த அட்டைக்கு ஓடுகிறார்கள். விளைவு, மேஜையில் உட்கார்ந்தால் 20 அட்டை தெரியும், எழுந்துவிட்டால் பழையபடி கையைப் பிடித்து இழுப்பதும் அழுவதும்தான். ஆளும் இடமும் மாறட்டும்: அப்பா, அக்கா, மாடியில், பெரியம்மா வீட்டில்.

7. இரண்டு அட்டையில் எது?

இதுவரை பிள்ளை படத்தைப் பார்த்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஒரே அட்டைதானே இருந்தது. இப்போதுதான் படத்துக்கு அர்த்தம் வருகிறது.

மிகப் பிடித்தது ஒன்று, துளியும் அக்கறை இல்லாதது ஒன்று. பொரியும் சாக்ஸும் வைத்துக்கொள்வோம். சாக்ஸ் அட்டையைக் கொடுத்தால் சாக்ஸைத்தான் கொடுக்க வேண்டும். முகம் சுளிக்கும், தூக்கி எறியும். நல்லது, வேறுபாடு புரியத் தொடங்கிவிட்டது. உடனே "இல்லடா, தப்பு" என்று சொல்லாமல், பொரி அட்டையை விரலால் தட்டிக் காட்டுங்கள்; கொடுக்கவிடுங்கள், "பொரி" என்று சொல்லுங்கள், ஆனால் பொரியைக் கொடுக்க வேண்டாம். நடுவில் கைதட்டு, தலையைத் தொடு என்று அதற்குத் தெரிந்த வேறொன்றைச் செய்யவையுங்கள். பிறகு முதலிலிருந்து வைத்து, சரியாகக் கொடுத்தால் பொரி. நடுவில் திசைதிருப்புவது ஏன் என்றால், உடனே திரும்பக் கேட்டால் இப்போது காட்டியதையே கை செய்துவிடும், மூளை தேட வேண்டியிருக்காது.

அடுத்து, இரண்டுமே பிடித்தவை. இங்கே ஒரு சோதனை: அட்டையைக் கொடுத்ததும் இரண்டு பொருளையும் தட்டில் நீட்டி "எடுத்துக்கோ" என்று சொல்லுங்கள். குமிழி அட்டையைக் கொடுத்துவிட்டுப் பொரியை எடுக்கப் போனால், படம் இன்னும் பிடிபடவில்லை என்று அர்த்தம். இந்தச் சோதனையைச் செய்யாமல் பல மாதம் "எல்லா அட்டையும் தெரியும்" என்று நம்பியிருந்த வீடுகள் உண்டு.

8. "போதும்" முதலில், "வேணாம்" பிறகு

மறுக்கத் தெரியாத பிள்ளை கடிக்கும், அடிக்கும், தட்டைத் தள்ளிவிடும். அதனால் 4, 5 பொருள் அட்டை வந்ததுமே மறுப்புக்கு வந்துவிடுங்கள். யாராவது தொடும்போது மறுக்கத் தெரிவது பாதுகாப்பும்கூட. இதை "அடம்" என்று நினைத்து ஒத்திப்போடாதீர்கள்.

தமிழில் இங்கே ஒரு பொறி இருக்கிறது. "வேணும்", "வேணாம்". நடுவில் ஓர் உயிரெழுத்துதான் வித்தியாசம். காதால் பிரித்தறியத் தடுமாறும் பிள்ளைக்கு இரண்டும் ஒரே சத்தம். இரண்டையும் சேர்த்துக் கற்றுத்தரவே கூடாது. மறுப்புக்கு முதலில் "போதும்" என்ற சொல்லை எடுங்கள், உள்ளங்கையைக் காட்டும் சைகையோடு. தூளி ஆட்டும்போது, சாதம் ஊட்டும்போது முகம் திருப்புகிற கணத்தில் கையைப் பிடித்து "போதும்" அட்டையைக் கொடுக்கவைத்து, "போதும்" என்று சொல்லி அந்த நொடியே நிறுத்துங்கள். இன்னும் ஒரு வாய் ஊட்டிவிட்டு நிறுத்தினால் அட்டை செத்தது. "வேணும்" நன்றாக ஊன்றிய பிறகு, தலையாட்டலோடு "வேணாம்" சேர்க்கலாம்.

9. சொல்லோடு சொல் சேர்ப்பது

ஆங்கிலப் பலகையில் "எனக்கு வேணும்" என்ற துண்டு முன்னால் வரும், பொருள் பின்னால். அந்தப் பலகையை அப்படியே மொழிபெயர்த்துக் கொடுத்து, "வேணும் பால்" என்று பேசப் பழகிய பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். நம் பலகையில் கழற்றி எடுக்கக்கூடிய ஒரு பட்டை; அதில் பொருள் அட்டைக்கு இடப்பக்கம், "வேணும்" அட்டை வலப்பக்கம் நிலையாக ஒட்டியிருக்கட்டும். பிள்ளை பொருள் அட்டையை மட்டும் ஒட்டி, பட்டையைக் கழற்றிக் கொடுக்கும். நீங்கள் விரலால் தொட்டுக்கொண்டே "பால்... வேணும்" என்று படியுங்கள். இந்த இடைவெளியில் 5 விநாடி காத்திருங்கள். பேச்சு வருவதானால் பெரும்பாலும் இங்கேதான் முதலில் எட்டிப்பார்க்கும்.

"எனக்கு", "நான்" எல்லாம் இப்போது வேண்டாம். தமிழில் அவை இல்லாமலே வாக்கியம் நிற்கும். வினைச்சொல்லிலும் இதே சிக்கனம்: வேணும், போதும், பிடிக்கும், வலிக்குது ஆகியவை யார் பேசினாலும் மாறுவதில்லை. போறேன், போறே, போறான் என்று ஆளுக்கு ஆள் மாறுகிறவற்றைப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள். கட்டளைச் சொல்லில் தா, வா, போ, திற போதும். "பெரியவங்ககிட்ட 'தாங்க'ன்னு சொல்லணும்" என்று மாமா ஒருவர் திருத்துவார். மரியாதை பிறகு வரும், இப்போது "தா" வரட்டும்.

இந்தக் கட்டத்தில் வந்தே ஆக வேண்டிய மூன்று அட்டைகள்: பாத்ரூம், உதவி, வலிக்குது. "வலிக்குது" மட்டும் கடினம், வலியைப் படம் பிடிக்க முடியாது. சிராய்ப்பு, ஊசி என்று நிஜமாக வலிக்கும் நேரத்தில் நீங்களே அந்த அட்டையைத் தொட்டுக் காட்டிச் சொல்லிக்கொண்டே வாருங்கள்.

10. கிளிப்பிள்ளை மாதிரி திரும்பச் சொன்னால்

பால் கேட்கும்போது "பால் வேணுமா?" என்று சொல்கிற பிள்ளை தப்பாகப் பேசவில்லை. ஒவ்வொரு முறையும் பால் வருவதற்கு முன்னால் காதில் விழுந்த வாக்கியம் அதுதானே, அதையே திருப்பித் தருகிறது. திருத்த வேண்டியது நம் வாயை. கேள்வியாகக் கேட்காமல், பிள்ளை சொல்ல வேண்டியதை அதன் இடத்தில் நின்று சொல்லுங்கள்: "பால் வேணும்." சொல்லிக்கொண்டே கொடுங்கள். "அப்படிச் சொல்லாதே" என்று அதட்டினால் உள்ள பேச்சும் போய்விடும்.

11. ஓயாமல் கேட்டால்

எல்லாம் ஒழுங்காக நடந்தால் ஒரு கட்டத்தில் பிஸ்கட் அட்டை நாளுக்கு 40 முறை வரும். இரவு 11 மணிக்கும் வரும். வெற்றிதான், ஆனால் வீடு தாங்காது.

முதல் சில வாரம் முடிந்தவரை கொடுத்துக்கொண்டே இருங்கள், துண்டைச் சிறிதாக்கிக்கொள்ளுங்கள். கேட்பதில் உறுதி வந்த பிறகு, காலி டப்பாவைத் திறந்து காட்டி "முடிஞ்சுது" என்று சொல்லி, அந்த அட்டையை, இப்போது கிடைக்காதவற்றுக்கென்று வைத்த ஒரு சிவப்புப் பலகைக்கு மாற்றுங்கள். பக்கத்தில் இப்போது கிடைக்கக்கூடிய இரண்டு அட்டையை வையுங்கள். அடுத்ததாக "அப்புறம்" என்று ஒரு அட்டை: பிள்ளை பிஸ்கட் அட்டையைக் கொடுத்ததும் பதிலுக்கு இதைக் கொடுத்து, 5 விநாடி எண்ணி, பிஸ்கட்டைக் கொடுங்கள். பிறகு 10 விநாடி, பிறகு ஒரு நிமிடம். முதல் நாளே "அப்புறம்" என்று சொல்லி அரை மணி நேரம் காக்கவைத்தால், அந்தச் சொல்லுக்கு "கிடையாது" என்று பிள்ளை அர்த்தம் எடுத்துக்கொள்ளும்.

அழுதால் என்ன செய்வது என்று கேட்பார்கள். அழட்டும், பக்கத்தில் இருங்கள், கோபம் கொள்ளாதீர்கள். நச்சரிப்பு பொறுக்காமல் அட்டையை மட்டும் ஒளித்து வைத்துவிடாதீர்கள். இரவு 11 மணிக்கு அட்டையோடு வந்து எழுப்புகிற பிள்ளைக்கு நாளை வயிறு வலித்தாலும் அதே கையால்தான் சொல்ல வேண்டும்.